விடியற்காலை இலை சொல்வது: தவிக்கும் நெற்பயிரின் செல்லுக்குள்

உச்சிவெயிலில் வயலுக்குப் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடலாமா என்று முடிவெடுப்பவர்கள் பலர். அந்த நேரத்தில் நெல்லின் இலை தென்னங்குச்சி போலச் சுருண்டு நிற்கும். பார்த்தவருக்கு வயிறு கலங்கும், மோட்டாரைப் போடக் கை போகும். அதே வயலுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனால் இலைகள் விரிந்து பனித்துளியோடு நிற்கக்கூடும். அப்படி நின்றால் அந்தப் பயிருக்கு இன்னும் ஆபத்து வரவில்லை. பகல் வெயிலைச் சமாளிக்க இலையை மடித்துக்கொண்டது. இரவில் வேர் உறிஞ்சிய நீரைக்கொண்டு மறுபடி விரித்துக்கொண்டது. விடியும்போதும் சுருண்டே நிற்கிற இலைக்குத்தான் அஞ்ச வேண்டும். இரவு முழுக்க அவகாசம் இருந்தும் வேரால் அதை நிரப்ப முடியவில்லை.

இந்த அத்தியாயம் அந்த வேறுபாட்டைப் பற்றியது. வறட்சி, வெப்பம், உவர், வெள்ளம் என்று எது வந்தாலும், வயலில் கண்ணுக்குப் படுகிற அறிகுறிகளில் பல பயிர் தோற்றதன் அடையாளம் அல்ல. உள்ளே செல்கள் எடுத்த தற்காப்பு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எது தற்காப்பு, எது சேதம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த விவசாயி, தவித்து நிற்கும் பயிருக்கு அவசரப்பட்டு யூரியாவை அள்ளி வீச மாட்டார்.

நெல்லை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. காவிரிப் படுகையில் இந்த நான்கு தவிப்பையும் ஒரே குடும்பம் ஓரிரண்டு ஆண்டுக்குள் பார்த்துவிடும். மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் குறுவை காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா மூழ்கும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரே கரிக்கும்.

உருளைக்கிழங்கும் உப்புத் தண்ணீரும்

செல்லுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. ஓர் உருளைக்கிழங்கை விரல் அளவுத் துண்டுகளாக நறுக்கி, இரண்டை வெறும் தண்ணீரிலும் இரண்டை நான்கு கரண்டி உப்பு கரைத்த தண்ணீரிலும் போட்டு வைக்கலாம். சில மணி நேரம் கழித்து எடுத்தால், வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும். உப்புத் தண்ணீரில் கிடந்தது ரப்பர் போல வளையும். கிழங்கு அதேதான், சத்தும் அதேதான். செல்லுக்குள் இருந்த நீர் வெளியேறியது மட்டுமே வித்தியாசம்.

ஒவ்வொரு தாவரச் செல்லின் நடுவிலும் வாக்குவோல் என்கிற நீர்ப்பை இருக்கிறது. அது நிரம்பி, செல்லின் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. நன்றாக நீர் குடித்த இலையின் செல்லில் இந்த அழுத்தம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தையும் மிஞ்சும். எலும்பில்லாத நெற்பயிரை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த விறைப்புத்தான். புதிய செல் நீண்டு வளர்வதற்கும் இதுதான் உந்துவிசை. நெல் இலையின் மேற்பரப்பில், நரம்புகளுக்கு நடுவே, மற்றவற்றைவிடப் பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. நீர் குறைந்ததும் முதலில் சுருங்குபவை இவை. இவை சுருங்கினால் இலை உட்பக்கமாக மடிந்து குழல் ஆகும். வெயில் படும் பரப்பு குறையும், குழலுக்குள் ஈரக்காற்று தங்கும். மதியம் பார்க்கிற அந்தத் தென்னங்குச்சி இப்படித்தான் உருவாகிறது.

எந்தத் தவிப்பானாலும் முதல் எச்சரிக்கை மணி ஏறத்தாழ ஒன்றேதான். சில நொடிகளுக்குள் செல்லின் உள்ளே கால்சியத்தின் அளவு எகிறுகிறது. அந்தத் துடிப்பின் வேகமும் வடிவமும் பார்த்து, வந்தது உப்பா குளிரா வறட்சியா என்று செல்லின் புரதங்கள் அடையாளம் கண்டு அடுத்த வேலையைத் தொடங்குகின்றன. கண்ணுக்கு அறிகுறி தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே உள்ளே முடிவு எடுத்தாகிவிட்டது.

கதவைச் சாத்தும் அமிலம்

மண் காயத் தொடங்கியதும் பயிருக்குள் அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் சுரக்கிறது. இலைத்துளை ஒவ்வொன்றையும் இரண்டு காப்புச் செல்கள் காவல் காக்கின்றன. அமிலம் அவற்றை எட்டியதும் உள்ளே சேர்த்து வைத்திருந்த பொட்டாசியத்தை அவை வெளியே விடுகின்றன. பொட்டாசியம் போன வழியே நீரும் போகிறது. விறைப்பு இழந்த இரண்டு செல்களும் ஒன்றின்மேல் ஒன்று சாய, துளை மூடிக்கொள்கிறது.

இந்த அமிலத்துக்குப் பெயர் வைத்ததில் ஒரு பிசகு நேர்ந்தது. 1960களில் கலிபோர்னியாவில் ஃப்ரெடரிக் ஆடிகாட்டின் குழு, பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று தேடியபோது அகப்பட்ட பொருள் இது. உதிர்தலைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். வறட்சியில் கதவைச் சாத்துவதுதான் இதன் பெரிய வேலை என்பது பிறகு தெரிந்தது. செல்லில் இதை அடையாளம் காணும் புரதத்தைக் கண்டுபிடிக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதாரண வயலில் அன்றாடம் நடக்கும் ஒரு செயலை அறிய நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கதவைச் சாத்துவதற்கு விலை உண்டு. நீர் வெளியேறும் அதே வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வர வேண்டும். துளை மூடியதும் உணவு தயாரிப்பு நின்றுவிடும், ஆனால் சூரியன் நிற்காது. பசுங்கணிகத்தில் விழுகிற ஒளி ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல், அது ஆக்சிஜன்மேல் பாய்ந்து அதை வெறிபிடித்த மூலக்கூறுகளாக மாற்றுகிறது. இந்த வினைமிகு ஆக்சிஜன் செல் சவ்வின் கொழுப்பையும் புரதங்களையும் அரிக்கும். அதைத் தணிக்கச் செல் தனி நொதிகளைத் தயாரிக்கிறது. புரோலின் என்கிற அமினோ அமிலத்தைக் குவித்து, இருக்கும் நீரைப் பிடித்து வைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் சர்க்கரையும் தழைச்சத்தும் செலவாகும். வளர்ச்சிக்கு வைத்திருந்த கையிருப்பு பாதுகாப்புக்குப் போகிறது.

அதனால் பயிர் முதலில் வளர்ச்சியைத்தான் நிறுத்தும். இலை சுருள்வதும் துளை மூடுவதும் அதற்குப் பிறகு வருபவை. இதை அளந்தே பார்க்கலாம். ஐந்து குத்துகளில் அடையாளத்துக்கு நூல் கட்டி, நடுவில் புதிதாக வெளிவரும் இலையின் நீளத்தைத் தினமும் ஒரே நேரத்தில் அளவுகோலால் அளந்து எழுதி வைத்தால் போதும். நேற்றுவரை நீண்ட இலை இன்று பாதி அளவே நீண்டிருந்தால், அது சுருளுவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. பத்து ரூபாய் அளவுகோல் செய்கிற இந்த வேலை, முறைப்பாசனத்துக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்பைக் கொடுக்கும்.

இனி செய்ய வேண்டியவை. சுருண்டு நிற்கும் பயிருக்கு யூரியா மேலுரம் கூடாது. தழைச்சத்து புதிய இலையைத் தூண்டும், புதிய இலை இன்னும் தண்ணீர் கேட்கும். கதவைச் சாத்திக்கொண்டு சிக்கனமாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு விருந்தாளிகளை அனுப்புகிற கதைதான். அதற்குப் பதில் 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலை மாலையில் இலைவழியாகத் தெளிப்பதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. காப்புச் செல்லின் வேலை பொட்டாசியத்தை நம்பி நடப்பதை நினைத்தால் காரணம் விளங்கும். மானாவாரி விதைப்பென்றால் அதே 1 சதவீதக் கரைசலில் விதையைச் சுமார் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கலாம். ஒருமுறை நனைந்து காய்ந்த விதையின் செல்கள் முளைப்பதற்கான முதல் வேலைகளை முடித்து வைத்திருக்கும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அண்ணா 4 போன்ற ரகங்கள் இத்தகைய நிலத்துக்கென்றே உருவானவை.

பாசன வசதி இருக்கிற இடத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடலாம். துளையிட்ட 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை வயலில் பாதிக்குமேல் புதைத்து, உள்ளே மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் வேர் தவிக்காது. ஆனால் கதிர் தொண்டையில் இருக்கும் பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் இந்த விளையாட்டு கூடாது. தூர் கட்டும்போது நின்றுபோன வளர்ச்சியைப் பயிர் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளும். மகரந்தம் உருவாகும் பத்துப் பதினைந்து நாளில் விட்டதை எந்த மழையும் திருப்பித் தராது. இருப்பதே நான்கு பாய்ச்சல் தண்ணீர் என்றால், அதில் இரண்டைப் பொதிப் பருவத்துக்கென்று ஒதுக்கி வைப்பதுதான் அறிவு.

முட்டை வெந்தால் திரும்பாது

வெப்பம் செல்லைத் தாக்கும் விதம் வேறு. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். புரதத்தின் மடிப்பு கலைந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதன் விளைவு அது. இலைச் செல்லிலும் சூடு ஏறினால் புரதங்கள் இப்படித்தான் மடிப்பு கலையும். அவற்றைப் பிடித்து, சிக்காமல் காத்து, மறுபடி மடித்து வைக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு படையே செல்லில் உண்டு.

இந்தப் படை முதலில் தெரியவந்தது தாவரத்தில் அல்ல, பழ ஈயில். 1962இல் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சோ ரிட்டோசா, ஈக்களை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட்டதால் குரோமோசோம்களில் புதிய வீக்கங்கள் தோன்றியதைக் கண்டார். 1980களில் சோயா நாற்றுகளில் நடந்த சோதனைகள் விவசாயத்துக்கு நெருக்கமானவை. நேரடியாக 45 டிகிரி வெப்பத்தில் வைத்த நாற்றுகள் செத்தன. முதலில் 40 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் பிறகு 45க்குப் போனவை பிழைத்தன. முன்கூட்டி வந்த மிதமான சூட்டில் படை திரண்டுவிட்டது. நிழல்வலையில் வளர்த்த நாற்றை ஒரே நாளில் வெட்டவெளியில் வைத்தால் கருகுவதற்கும், நாலைந்து நாள் படிப்படியாக வெயில் காட்டி நட்டால் பிழைப்பதற்கும் இதே தயாரிப்பு ஒரு காரணம்.

நெல்லில் இந்தப் பாதுகாப்பு ஓரிடத்தில் மட்டும் பலவீனமானது. இலை தாங்கும் சூட்டை மகரந்தம் தாங்காது. நெற்பூ காலையில் திறந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது, விழுந்த மகரந்தமும் முளைக்காது. பயிர் பச்சையாகவே நிற்கும், கதிர் பதராகும். அறுவடையில்தான் தெரியும் என்பதால் இந்த இழப்பு பெரும்பாலும் பூச்சியின்மேலோ விதையின்மேலோ பழியாகிவிடுகிறது. விதைக்கும் நாளைக் கணக்கிடும்போது அறுவடை நாளை மட்டும் பார்க்காமல், பூக்கும் வாரம் சித்திரை, வைகாசி வெயிலில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெப்பமானியின் எண் மட்டும் கதையைச் சொல்லாது. ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் 40 டிகிரி வெயிலிலும் நெல் மணி பிடிக்கிறது. அங்கே காற்று வறண்டது. வேரில் தண்ணீர் இருக்கும்வரை கதிர் நீரை ஆவியாக்கி, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்து நிற்கும். கடலோரப் புழுக்கத்தில் ஆவியாதல் குறைவு, அதனால் அதைவிடக் குறைந்த சூடே கெடுதல் செய்துவிடும். வறட்சியும் வெப்பமும் கைகோத்து வருவது கொடியதாவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வறட்சி துளையை மூடு என்கிறது, வெப்பம் திறந்து குளிர்வி என்கிறது. செல்லால் இரண்டையும் செய்ய முடியாது, அது மூடுவதையே தேர்ந்தெடுக்கும். இலை கொதிக்கத் தொடங்கும். ஆகவே பூக்கும் வாரத்தில் வெயில் கடுமையாக இருந்தால் வயலில் ஐந்து சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும்.

இரவையும் மறக்கக் கூடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் வயல்களின் நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு: கோடைப் போகத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. பகலில் சம்பாதித்ததை வெப்பமான இரவில் செல்கள் சுவாசத்தில் எரித்துவிடுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

குளிர் தமிழகச் சமவெளிக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஜப்பானுக்கு உண்டு. 1993இன் குளிர்ந்த கோடையில் அங்கே நெல் மகரந்தம் உருவாகாமல் விளைச்சல் கால்வாசி சரிந்தது; அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. வடக்கே ஹொக்கைடோவில் பொதிப் பருவத்தில் வயல்நீரை 20 சென்டிமீட்டர்வரை உயர்த்தி, தண்டுக்குள் இருக்கும் இளங்கதிரைப் போர்வை போல நீரால் மூடிக் காக்கிறார்கள்.

உப்பு: பழைய இலை, புதிய இலை

உவர் நிலத்தில் பயிர் இரண்டு முறை அடி வாங்குகிறது. முதல் அடி அந்த உருளைக்கிழங்கு வாங்கிய அடியேதான்: மண்நீரில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை இழுக்க முடியாது. வயலில் தண்ணீர் நிற்கும், பயிர் வறட்சியில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். இரண்டாவது அடி மெல்ல வரும். சோடியம் உருவத்தில் பொட்டாசியத்தை ஒத்தது. பொட்டாசியத்தின் வாசல் வழியே செல்லுக்குள் நுழைந்து, அதன் இருக்கையில் அமர்ந்து, வேலை மட்டும் செய்யாது.

செல் மூன்று விதமாக எதிர்க்கிறது. வந்த சோடியத்தை வெளியே தள்ளுகிறது. தள்ள முடியாததை வாக்குவோலில் பூட்டி வைக்கிறது. இரண்டும் போதாவிட்டால் உப்பைப் பழைய இலைகளுக்கு அனுப்பி, கொழுந்தைக் காக்கிறது. மூன்றாவது வழியைத்தான் வயலில் பார்க்க முடியும். அடி இலைகளின் நுனி காய்ந்து, நடுக்கொழுந்து பச்சையாக நின்றால் பயிர் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அதை நோய் என்று எண்ணி மருந்தடிப்பது வீண். புதிய இலையின் நுனியே வெள்ளையாகச் சுருளத் தொடங்கினால் தற்காப்பு உடைந்துவிட்டது என்று பொருள். உடனே நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும்.

மேற்கு வங்கத்துக் கடலோர நாட்டு நெல்லான நோனா போக்ராவில் இந்தத் தற்காப்பின் ஒரு கருவியை 2005இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வேரிலிருந்து இலைக்கு ஏறும் நீர்க்குழாயிலிருந்தே சோடியத்தை உருவியெடுக்கும் ஒரு புரதத்தின் மரபணு அது. அதேபோல் கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து வந்த சால்டால் என்கிற மரபுப் பகுதி, இன்று பல நாடுகளில் உவர் தாங்கும் ரகங்களை உருவாக்கப் பயன்படுகிறது. மரபணு ஒரு பாதி, மற்றப் பாதி பொக்காளி விவசாயியின் கைவேலை. எர்ணாகுளம் பக்கத்து உப்பங்கழி வயல்களில் மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைப்பார்கள். பருவமழை அந்தக் கூம்புகளிலிருந்து உப்பைக் கழுவி இறக்கிய பிறகுதான் அவற்றின்மேல் முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். நாற்று வளர்ந்ததும் கூம்பைக் கலைத்துப் பரப்பிவிடுவார்கள். நெல்லின் மிக மென்மையான பருவம் நாற்றுப் பருவம் என்பதை அந்த முறை அறிந்திருக்கிறது.

தமிழக விவசாயி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நாற்றின் வயது. உவர் நிலத்தில் இளநாற்றை நடக் கூடாது. 30 நாளைத் தாண்டிய நாற்றை, குத்துக்கு மூன்று நான்காக நட வேண்டும். நாற்றங்கால் மட்டும் நல்ல நிலத்தில், நல்ல தண்ணீரில் அமையட்டும். மண் பரிசோதனை அட்டையில் மின்கடத்துதிறன் என்று ஓர் எண் இருக்கும். நிறைவுற்ற மண்சாற்றில் அது மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். உவரும் களரும் ஒன்றல்ல என்பதையும் அந்த அட்டையே காட்டும். உவரை நல்ல நீர் தேக்கி வடித்துக் கழுவலாம். சோடியம் மண்ணோடு ஒட்டிய களரை வெறும் தண்ணீர் கழுவாது. முதலில் ஜிப்சம் இட்டு, அதன் கால்சியத்தைக்கொண்டு சோடியத்தை விரட்டிய பிறகே நீர் வடிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கடலோர வயல்களில் மழைநீரால் கழுவுதல், ஜிப்சம், தக்கைப்பூண்டு மடக்கி உழுதல் ஆகியவற்றோடுதான் மீட்பு தொடங்கியது. களருக்கென்று திருச்சியில் உருவான திருச்சி 1, திருச்சி 3 ரகங்களும், டெல்டாவின் பழைய குழியடிச்சானும் இன்றும் கைகொடுக்கின்றன.

மூழ்கிய வயலில்

நெல் நீர்ப்பயிர், ஆனால் நீருக்குள் மூச்சுவிடத் தெரிந்த பயிர் அல்ல. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மண்ணில் மூழ்கியிருப்பதை நெல் வழக்கமாகச் சமாளிக்கிறது. வேரின் நடுப்பட்டையில் சில செல்கள் தாமாகவே செத்து, காற்றுப் போகும் குழாய்களுக்கு இடம் விடுகின்றன. ஒரு வேரைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் அந்தத் துளைகள் தெரியும். இலையில் நுழைந்த காற்று அவ்வழியே வேர்நுனிவரை இறங்கும். வேரின்மேல் செம்பழுப்புப் பூச்சு இருந்தால் காற்று இறங்கி, மண்ணின் இரும்பைத் துருவாக்கியிருக்கிறது, நல்லது. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே வயலை வடித்து இரண்டு மூன்று நாள் காயப்போட வேண்டும்.

இலையும் மூழ்கிவிட்டால் கதை மாறும். காற்றில்லாத செல், சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைக்கப் பார்க்கிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து ஏ.டி.பி. என்கிற ஆற்றல் மூலக்கூறு சுமார் 30 கிடைத்த இடத்தில் இப்போது இரண்டுதான் கிடைக்கும். கையிருப்பு வேகமாகக் கரைகிறது. இதற்கிடையில், பயிர் வெளியிடும் எத்திலீன் வாயு நீரால் தடைபட்டு உள்ளேயே சேர்கிறது. எத்திலீன் கூடினால் நெல்லுக்கு ஒரே கட்டளை: நீண்டு மேலே போ. வங்கத்தின் ஆழ்நீர் நெல் இந்தக் கட்டளையை ஏற்று நாளுக்கு 20 சென்டிமீட்டருக்குமேல் நீண்டு நீர்மட்டத்தைத் துரத்தும். மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு அது சரியான உத்தி. ஒரு வாரம், பத்து நாளில் வடியும் டெல்டா வெள்ளத்தில் அதே உத்தி பயிரைக் கொல்லும். இருந்த சர்க்கரையை எல்லாம் நீள்வதில் செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் வெளிறித் துவண்டு மண்ணில் சாயும்.

ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ இதற்கு மாறாக நடந்தது. மூழ்கியதும் வளர்வதை நிறுத்திவிட்டு, சர்க்கரையைப் பூட்டி வைத்து, இரண்டு வாரம்வரை அசையாமல் கிடந்தது. அந்த அடக்கத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை டேவிட் மக்கில், பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து 2006இல் அடையாளம் கண்டன. எத்திலீன் சொல்வதை இந்த மரபணு கேட்கிறது, ஆனால் நீளச் சொல்லும் ஜிப்பரெல்லின் ஹார்மோனின் கையைக் கட்டிப்போடுகிறது. வழக்கமான இனக்கலப்பு முறையிலேயே சுவர்ணா ரகத்துக்குள் இது ஏற்றப்பட்டு, சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. டெல்டா விவசாயிகள் பொன்மணி என்று அழைக்கும் சி.ஆர்.1009க்கும் பிறகு சப்1 வடிவம் வந்தது. ஆண்டுதோறும் மூழ்குகிற தாழ்வான வயலுக்கு விதை வாங்கும்போது சப்1 என்ற அந்த வாலைக் கேட்டு வாங்குவது நல்லது. நீர் தேங்கி நிற்கும் நிலத்துக்கும் முழுக மூழ்கிக் கிடக்கும் நிலத்துக்கும் வேறுபாடு உண்டு. சப்1 இரண்டாவதற்கு உரியது.

வெள்ளம் வடிவதோடு ஆபத்து தீர்வதில்லை. பல நாள் இருட்டிலும் மூச்சடைப்பிலும் கிடந்த செல்லின்மேல் திடீரென்று வெயிலும் ஆக்சிஜனும் விழுகின்றன. வறட்சியில் பார்த்த அதே வினைமிகு ஆக்சிஜன் இங்கே வெள்ளமாகப் பெருகும். நலிந்த வேரால் நீரை ஏற்ற முடியாமல், சேற்றில் நின்றபடியே இலை வாடும். ஆகவே முடிந்தால் ஒரே நாளில் முழுதும் வடிக்காமல், இலைநுனி வெளிவரும்வரை முதலில் இறக்கி, ஓரிரு நாள் விட்டு மிச்சத்தை வடிப்பது பயிருக்கு இதம். இலையில் படிந்த சேற்றை, வடியும் நீரையே வாரி அடித்துக் கழுவிவிட்டால் துளைகள் திறக்கும்.

இந்த நேரத்தில் யூரியாவைக் கையால் வீசும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். உறிஞ்சும் நிலையில் வேர் இல்லை. போட்டது வடிகாலில்தான் போகும். புதிய இலை தலைகாட்டிய பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கலந்து இலைவழியாகத் தெளிப்பது வேளாண் துறை சொல்லும் முறை. வேர் வெள்ளையாகத் துளிர்த்த பின்பு மேலுரத்துக்கு வரலாம்.

பயிர் பிழைத்ததா என்பதை வடிந்த அன்றே இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய இலைகள் எப்படியும் பழுக்கும். நான்கைந்து நாள் பொறுத்து, வயலின் மேடு, பள்ளம், மடையோரம் என்று வெவ்வேறு இடங்களில் பத்துக் குத்துகளைப் பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியை நகத்தாலோ பிளேடாலோ நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அந்தக் குத்து உயிரோடு இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழத்துப் பிரிந்தால் போயிற்று. பத்தில் இரண்டு மூன்று போயிருந்தால், தழைத்து நிற்கும் குத்துகளிலிருந்து தூர்களைப் பிரித்தெடுத்து அதே வயலில் பாடுவாசி நிரப்பிவிடலாம். அதே வெள்ளத்தைத் தாங்கிய செல்கள் அந்தத் தூர்களில் இருக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவரும் இளநாற்றைவிட அவை சீக்கிரம் வேர் பிடிக்கும், மற்றப் பயிரோடு சேர்ந்து கதிரும் விடும்.